அறுபது கிலோமீட்டர் வேண்டாம், இருபத்தைந்து போதும்

கேட்கப்பட்டது இதுதான்: நண்பர்கள் நால்வர் ஜனவரியில் வியட்நாமின் சைகோனில், அதாவது ஹோ சி மின் நகரத்தில், இறங்குகிறார்கள். கையில் நான்கு நாட்கள். நாளுக்கு 60 கிலோமீட்டர் வீதம் சைக்கிள் மிதித்து மேக்கொங் கழிமுகத்திலுள்ள கான் தோ வரை போக வேண்டும், இரவில் கிராமத்து வீடுகளில் தங்க வேண்டும். இருவர் சைவம். இது நடக்குமா?

நடக்கும். சைகோனிலிருந்து கான் தோ நகரம் சுமார் 170 கிலோமீட்டர். தரை உள்ளங்கை மாதிரி. ஆற்றுப் பாலங்களை விட்டால் மேடு என்று சொல்ல ஒன்றுமில்லை. மூன்றே நாளில் போய்ச் சேர்ந்துவிடலாம். வழியில் என்ன பார்த்தீர்கள் என்று ஊரில் கேட்டால், கன்டெய்னர் லாரிகளின் பின்பக்கம் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும். முதலாம் எண் தேசிய நெடுஞ்சாலை அப்படிப்பட்டது. சைகோனில் வேலை பார்த்த காலத்தில் முதல் தடவை நானும் அந்த முட்டாள்தனத்தைச் செய்தவன். பிறகு நான்கைந்து முறை போனேன். ஒவ்வொரு முறையும் கிலோமீட்டர் குறைந்தது, பயணம் நன்றாக இருந்தது.

ஆகவே என் யோசனை: பென் ட்ரேயில் இரண்டு இரவு, வின் லாங்குக்கு எதிரே இருக்கும் ஆன் பின் தீவில் ஓர் இரவு. நாளுக்கு 25, அதிகம் போனால் 35 கிலோமீட்டர். சைகோனின் மியென் தாய் பஸ் நிலையத்திலிருந்து பென் ட்ரேக்குச் சுமார் 85 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். அதை பஸ்ஸிலேயே கடந்துவிடுங்கள்.

பென் ட்ரே ஏன் என்றால், அது வெகுகாலம் தீவாகவே இருந்துவிட்ட நிலம். மேக்கொங் ஆறு, கடலை நெருங்கும்போது பல கிளைகளாகப் பிரிகிறது. வியட்நாமியர்கள் அதை ஒன்பது டிராகன்களின் ஆறு என்பார்கள். அந்தக் கிளைகளில் நான்குக்கு நடுவே அகப்பட்ட மூன்று பெரிய திட்டுகள்தான் பழைய பென் ட்ரே மாகாணம். அக்கரை நகரமான மி தோவிலிருந்து அங்கே போக 2009-இல் ராச் மியூ பாலம் திறக்கும்வரை படகுத்துறைதான் கதி. பெரிய சாலை தாமதமாக வந்ததால் சின்னப் பாதைகள் பிழைத்துக்கிடந்தன. ஒரு விஷயம் கவனம்: 2025 ஜூலையில் வியட்நாம் தன் 63 மாகாணங்களை 34 ஆகச் சுருக்கியது. பென் ட்ரே, ட்ரா வின், வின் லாங் மூன்றும் இப்போது வின் லாங் என்ற ஒரே மாகாணம். முகவரியில் வின் லாங் என்று பார்த்துக் குழம்ப வேண்டாம். வாய்ப்பேச்சில் பென் ட்ரே இன்னும் பென் ட்ரேதான்.

பாதையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தப் பயணத்தின் உயிரே அதுதான். கான்கிரீட் பலகை போட்ட, இரண்டு மீட்டர் அகலமே உள்ள ஒற்றைத் தடங்கள். உள்ளூரில் 'டால்' பாதை என்பார்கள். பலகைக்கான பிரெஞ்சுச் சொல் அது. கார் நுழையாது. ஒரு பக்கம் வாய்க்கால், மறு பக்கம் வீடு. பாதி நேரம் யாருடைய வாசலிலோதான் ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். ஒருவர் சேவலைக் குளிப்பாட்டிக்கொண்டிருப்பார், ஒரு பாட்டி ஊஞ்சல் துணியில் படுத்தபடி காலால் பேரனின் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருப்பார். தோப்புக்குள் திடீரென்று நீலமும் இளஞ்சிவப்பும் பூசிய கல்லறைகள் தென்படும். இறந்தவர்களை வீட்டு நிலத்திலேயே புதைப்பது இங்கே வழக்கம். முதல் நாள் திடுக்கிடும், மறுநாள் பழகிவிடும்.

தென்னந்தோப்பு நம் தோப்பு மாதிரி இருக்காது. நிலத்தில் நீர்மட்டம் உயரம் என்பதால் பள்ளம் தோண்டி, அந்த மண்ணை மேடாக்கி, மேட்டில் தென்னை வைத்திருக்கிறார்கள். மேடு, வாய்க்கால், மேடு, வாய்க்கால் என்று போகும். காயைப் பறித்து வாய்க்காலில் போட்டுவிடுவார்கள். ஓதம், அதாவது கடலின் ஏற்றநீர், ஏறும்போது ஒரு ஆள் கழுத்தளவு நீரில் நின்றபடி நூற்றுக்கணக்கான காய்களை வாத்துக் கூட்டத்தை ஓட்டுகிற மாதிரி ஓட்டிப் படகுக்குக் கொண்டுபோவார். தேங்காய்க்கு வண்டிக்கூலி கிடையாது.

மொ காய் பக்கத்தில் தோம் என்று ஒரு சிற்றாறு இருக்கிறது. ஒரு நாளை அதற்கே ஒதுக்குங்கள். ஹாம் லுவோங் ஆற்றைப் பாலத்தில் கடந்தால் லாரிகளோடு மல்லுக்கட்ட வேண்டும். தங்கும் வீட்டில் சொல்லிச் சைக்கிளோடு படகில் போய்விடலாம். கரை முழுக்கத் தேங்காய்த் தொழில். நான் ஒரு கொட்டகையில் அரை மணி நேரம் நின்றுவிட்டேன். நிலத்தில் நட்ட இரும்பு முனையில் ஒருவர் காயைக் குத்தி மூன்று திருப்புத் திருப்பினார், மட்டை தனியே விழுந்தது. நான்கு வினாடி ஆகியிருந்தால் அதிகம். அவருக்கு அப்பால் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, சிரட்டை நீக்கிய முழுப் பருப்பின் பழுப்புத் தோலைச் சீவிக்கொண்டிருந்தார்கள். பருப்பு உடையாமல் வெள்ளைப் பந்தாக வருகிறது. நீர் ஒரு பீப்பாய்க்கு, சிரட்டை கரிச்சூளைக்கு, நார் கயிற்றுக்கு, நார்த்தூள் செடித்தொட்டிக்கு. பொள்ளாச்சிக்காரர் யாராவது உங்களோடு வந்தால் அங்கிருந்து கிளப்புவது கடினம். தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் மால்ட் பாகும் சேர்த்துக் கிண்டும் மிட்டாய்தான் ஊரின் பெயர்போன பண்டம். அதைச் சுற்றியிருக்கும் மெல்லிய தாள் அரிசித் தாள். அதை உரிக்கக் கூடாது, சேர்த்துத் தின்ன வேண்டும். நான் ஒரு பொட்டலம் முழுக்க நகத்தால் சுரண்டித் தின்ற பிறகே ஒருவர் இரக்கப்பட்டுச் சொன்னார்.

இனி வீடு. 'ஹோம்ஸ்டே' என்ற பலகை வியட்நாமில் எதற்கு வேண்டுமானாலும் தொங்கும். தோட்டத்தில் பத்துக் குடில் கட்டி, நீச்சல் குளம் வெட்டி, வரவேற்பறையில் சீருடைப் பெண்ணை உட்கார வைத்ததும் ஹோம்ஸ்டேதான். குறை சொல்லவில்லை, குளிர்சாதனம் நன்றாக வேலை செய்யும். உங்களுக்கு வேண்டியது வேறு என்றால் ஒரு சோதனை சொல்கிறேன்: நீங்கள் சாப்பிடும் கூடத்தில் அந்தக் குடும்பத்தின் முன்னோர் படங்களும் ஊதுவத்தியும் வைத்த பீடம் இருக்கிறதா? இருந்தால் அது வீடு. அதற்கு நேராகக் காலை நீட்டாதீர்கள், செருப்பை வாசலிலேயே விடுங்கள். அறைக்கு நான் கொடுத்தது காலை உணவோடு மூன்று லட்சம் முதல் ஐந்து லட்சம் டோங் வரை. பதற வேண்டாம், ஒரு ரூபாய்க்கு ஏறக்குறைய 300 டோங். பாஸ்போர்ட்டை வாங்கி விவரம் எழுதிக்கொள்வார்கள். வெளிநாட்டவர் தங்கினால் போலீசில் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். பாஸ்போர்ட்டைச் சைகோன் விடுதியில் விட்டுவிட்டு வராதீர்கள்.

உறவுமுறை தெரிந்தால் பாதி வீடு உங்கள் பக்கம். அப்பாவைவிட இளையவரைச் 'சூ', அதாவது சித்தப்பா என்பார்கள். மூத்தவரை 'பாக்', பெரியப்பா. நமக்கு இதில் கஷ்டமே இல்லை, பாவம் ஐரோப்பியர்கள்தான் திணறுகிறார்கள். தெற்கு வியட்நாமில் கூடவே ஒரு எண் ஒட்டும். தலைப்பிள்ளைக்கு இரண்டு என்று பெயர், அடுத்ததற்கு மூன்று. ஒன்று என்று யாரும் கிடையாது. ஏன் என்பதற்கு ஆளுக்கொரு கதை சொல்வார்கள். என்னைத் தன் வீட்டில் தங்கவைத்தவர் சூ தூ, நான்காம் சித்தப்பா. உண்மையில் அவர் வீட்டில் மூன்றாவது பிள்ளை. மாலையில் அவர் ஒரே ஒரு சின்னக் கிண்ணத்தில் அரிசிச் சாராயம் ஊற்றி வட்டமாக அனுப்புவார். 'மொட் ட்ராம் ஃபன் ட்ராம்' என்றால் நூறு சதவீதம், ஒரே மடக்கு. மருந்து சாப்பிடுகிறேன் என்று முதல் சுற்றிலேயே சொல்லிவிட வேண்டும், மூன்றாம் சுற்றில் சொன்னால் செல்லாது.

அமைதியை எதிர்பார்த்துப் போகாதீர்கள். கிராமம் என்றால் அமைதி என்பது நகரத்தாரின் கற்பனை. சக்கரம் வைத்த ஒலிபெருக்கிப் பெட்டி ஒன்று இருக்கிறது. தெருவில் இழுவை மிட்டாய் விற்பவர்கள் பாடிக்கொண்டே வைத்துத் தள்ளியது என்பதால் அதற்கு 'கேவ் கேவ்', மிட்டாய்ப் பெட்டி என்றே பெயர். அதை வைத்துக்கொண்டு ஆற்றின் அக்கரையில் ஒருவர் இரவு பத்து வரை சோகப்பாட்டு பாடுவார். விடியற்காலை ஐந்துக்கு ஊர் ஒலிபெருக்கி எழுப்பும். சேவல்கள் அதற்கும் முன்பே. காதுக்குப் பஞ்சு எடுத்துக்கொள்ளுங்கள்.

சைவ நண்பர்கள் இருவருக்கும்: பயப்பட வேண்டாம், எச்சரிக்கையாக இருக்க வேண்டும். கற்றுக்கொள்ள வேண்டிய சொல் ஒன்றே, 'சாய்'. மஞ்சள் பலகையில் அந்தச் சொல் இருந்தால் கடை முழுச் சைவம். பௌத்தர்களும், வியட்நாமிலேயே தோன்றிய காவ் தாய் மதத்தாரும் இந்தப் பகுதியில் நிறைய. அமாவாசை, பௌர்ணமியையொட்டிப் பலர் சைவம் உண்பார்கள், அன்று சந்தையிலேயே சைவ உணவு குவிந்துகிடக்கும். 'காய்கறி மட்டும்' என்று சொன்னால் போதாது. கீரையைப் பொரித்து மேலே மீன் சாறு ஊற்றித் தருவார்கள், அவர்கள் கணக்கில் அதுவும் காய்கறிதான். 'ஆன் சாய்' என்று சொன்னால் விரதம் என்ற மரியாதையோடு சட்டியையே மாற்றிச் சமைப்பார்கள். முதல் நாளே சொல்லிவிடுங்கள். பென் ட்ரேயில் சைவர்களுக்குக் கிடைக்கும் சிறப்பு தென்னங்குருத்து. முதிர்ந்த மரத்தை வெட்டும்போதுதான் கிடைக்கும். மெல்லியதாக அரிந்து, வறுத்த வேர்க்கடலை தூவி, எலுமிச்சை பிழிந்து தருவார்கள். மற்ற இருவருக்கும் ஆற்று மீன் ஒன்று வரும், தட்டு மாதிரி அகலமானது. முழுதாகப் பொரித்து மரச்சட்டத்தில் நிமிர்த்தி நிறுத்தியிருப்பார்கள். சதையைப் பிய்த்து, கீரைகளோடு அரிசித் தாளில் சுருட்டித் தொட்டுத் தின்ன வேண்டும். முதல் சுருட்டு எல்லோருக்கும் அவிழ்ந்து மடியில்தான் விழும்.

சைக்கிள் பெரும்பாலும் தங்கும் வீட்டில் இலவசம். கியர் இருக்காது, முன்னால் கூடை இருக்கும். அது போதும். ஆனால் வாங்கியதும் இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பாருங்கள். வாய்க்கால்களுக்கு மேலே கூன் முதுகு மாதிரிச் சின்னச் சின்னக் கான்கிரீட் பாலங்கள் வரும், சிலவற்றுக்குக் கைப்பிடி கிடையாது. ஏறும்போது வேகம் வேண்டும், உச்சியில் எதிரே மோட்டார் சைக்கிள் வருகிறதா என்று தெரியாது, இறங்கியதும் பாதை பட்டென்று திரும்பும். எனக்கு வாய்த்த வண்டியில் பின் பிரேக் பேருக்குத்தான். மூன்றாவது பாலத்தில் நேராக நீர்த்தென்னைப் புதருக்குள் போனேன். சேற்றில் முழங்கால்வரை நின்றதைத் தவிரச் சேதமில்லை, பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகளுக்கு நல்ல வேடிக்கை. அந்த நீர்த்தென்னைக்குத் தண்டு நிலத்துக்கு மேலே தெரியாது, கீற்று மட்டும் சேற்றிலிருந்து நேரே எழும். கூரை வேய அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். பஞ்சர் பார்க்கப் பாதையோரம் தொங்கும் பழைய டயரைத் தேடுங்கள், அதுவே கடைப் பலகை.

காலை ஐந்தரைக்குக் கிளம்பிப் பத்தரைக்கு நிறுத்துங்கள். பிறகு மூன்று மணி வரை ஊரே தூங்கும். நீங்களும் 'காஃபே வோங்' என்ற இடத்தில் ஒதுங்கலாம்: கூரைக்கடியில் இருபது ஊஞ்சல் படுக்கை, கால்மாட்டில் ஒரு சின்ன மேசை. ஒரு இளநீரோ சிறு நாரத்தை பிழிந்த கரும்புச்சாறோ வாங்கினால் எவ்வளவு நேரம் படுத்தாலும் எழுப்ப மாட்டார்கள்.

ஜனவரிக்கு இரண்டு குறிப்பு. ஒன்று, காற்று. மழை நின்ற பிறகு கடல் பக்கமிருந்து 'சூவோங்' என்ற காற்று வீசும், பிற்பகலில் எதிர்க்காற்றாக வாய்த்தால் தட்டைத் தரையே மலையாகும். அதனால்தான் கடலோரத்திலிருந்து உள்நாட்டுக்கு, அதாவது பென் ட்ரேயிலிருந்து வின் லாங் நோக்கிப் போகச் சொல்கிறேன். இதே காற்றுதான் வறண்ட மாதங்களில் உப்புநீரை ஆற்றுக்குள் தள்ளுகிறது. 2016-இலும் 2020-இலும் உப்பு வெகுதூரம் உள்ளே ஏறி, குடிக்கவே நீரில்லாமல் மக்கள் விலைக்கு வாங்கினார்கள். வீட்டுக்கு வீடு வரிசையாக நிற்கும் ஆளுயரத் தாழிகள் அழகுக்கு அல்ல, மழைநீருக்கு. குளிக்கும்போது நினைவிருக்கட்டும். இரண்டாவது, ஓதம். பௌர்ணமியையும் அமாவாசையையும் ஒட்டித் தாழ்வான பாதைகளில் கணுக்கால் அளவு நீர் ஏறும். ஓரிரு மணி நேரத்தில் வடிந்துவிடும், காத்திருங்கள். கைபேசி வரைபடத்துக்கு இது தெரியாது. சூ தூ சுவரில் தொங்கும் சந்திரமான நாட்காட்டியைப் பார்த்து நாளைக்கு எந்தப் பாதை என்று சொல்வார்.

மூன்றாம் நாள் சோ லாச் வழியாக ஆன் பின். பென் ட்ரேயிலிருந்து முழுவதும் மிதிக்க நினைத்தால் மறுபடியும் உங்கள் 60 கிலோமீட்டரில்தான் வந்து நிற்கும். பாதித் தூரத்தைப் படகிலோ வேனிலோ கடந்துவிடுங்கள், வீட்டார் ஏற்பாடு செய்வார்கள். சோ லாச் நாற்றங்கால் ஊர். வியட்நாமியப் புத்தாண்டான டெட் பண்டிகைக்கு முந்தைய வாரங்களில் போக வாய்த்தால், வீடு வீடாகக் கூடையளவு உருண்டையாக வளர்த்த மஞ்சள் சாமந்தித் தொட்டிகள் படகேறுவதைப் பார்ப்பீர்கள். டெட் நாட்களிலேயே போகாதீர்கள், எல்லாம் மூடியிருக்கும். இங்குள்ள காய் மோனில் 1837-இல் பிறந்தவர் ட்ருவோங் வின் கீ. பல மொழி கற்றவர், லத்தீன் எழுத்தில் வந்த முதல் வியட்நாமிய இதழான கியா தின் பாவின் ஆசிரியராக இருந்தவர். நாற்றுப் பார்க்க வந்தவர்களில் எவரும் அவரைத் தேடிப் போவதை நான் பார்த்ததில்லை.

ஆன் பின் ரம்புத்தானும் லோங்கானும் விளையும் தோட்டத் தீவு. பழங்களின் உச்சப் பருவம் ஜூன், ஜூலையில்தான், ஜனவரியில் குறைவாகவே கிடைக்கும். தீவைச் சுற்றி ஓட்டிவிட்டு, மறுநாள் காலை சிறுபடகுத்துறையில் சைக்கிளோடு வின் லாங்குக்குக் கடந்து விடுங்கள். கட்டணம் சில ஆயிரம் டோங்தான். அங்கிருந்து கோ சியென் ஆற்றோரமாக மாங் தித் செங்கல் சூளைகளைப் பார்க்கப் போங்கள். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். தேன்கூடு வடிவத்தில், இரண்டு மாடி உயரத்துக்குச் சிவந்த கூம்புகள், வாய்க்காலின் இரு கரையிலும் வரிசையாக. நெல்வயல் களிமண், உமி எரிபொருள். இரண்டும் படகில் வந்தன, செங்கல்லும் படகிலேயே போனது. செலவு கட்டுபடியாகாமல் பெரும்பாலானவை அணைந்துவிட்டன. ஒன்றின் உள்ளே நுழைந்து அண்ணாந்து பார்த்தேன், உச்சித் துளையிலிருந்து வெளிச்சம் ஒரு தூணாக இறங்கியது, சுவரில் ஆலங்கன்று மாதிரி ஏதோ வேர்விட்டிருந்தது. அடுத்த சூளை இன்னும் எரிந்தது. உமி அள்ளிப்போட்ட பெண்மணி புருவமெல்லாம் சாம்பலோடு என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

மிதக்கும் சந்தைக்காகவா கான் தோ? காய் பே சந்தை ஏறக்குறைய முடிந்த கதை. காய் ராங் இன்னும் கூடுகிறது, ஆனால் வருடத்துக்கு வருடம் சரக்குப் படகு குறைந்து சுற்றுலாப் படகு கூடுகிறது. பாலமும் சாலையும் வந்த பிறகு பூசணிக்காய் ஏன் படகில் வர வேண்டும்?

சைகோனில் அரை நாள் மிஞ்சினால் ட்ருவோங் தின் தெருவிலுள்ள மாரியம்மன் கோயிலுக்குப் போய் வாருங்கள். நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் பிரெஞ்சுக் காலத்தில் இந்தக் கழிமுகத்து நெல் நிலங்களை அடமானம் பிடித்துக் கடன் கொடுத்தவர்கள். நீங்கள் சைக்கிள் ஓட்டிய வயல்களில் சில அவர்கள் கணக்குப் புத்தகங்களில் ஏறியிருக்கவும் கூடும். இன்று கோயிலில் ஊதுவத்தியோடு சுவரில் நெற்றி பதித்து வேண்டிக்கொள்பவர்கள் பெரும்பாலும் வியட்நாமியர்கள்தான்.

மின்-விசா ஒருமுறை நுழைய 25 டாலர்; அரசின் சொந்தத் தளத்தில் எடுங்கள், அதே போலத் தோற்றமளிக்கும் தரகர் தளங்கள் இரண்டு மூன்று மடங்கு வாங்குகின்றன. கான் தோவைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் வின் லாங்கிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். சைக்கிளை ஆன் பின்னிலேயே கொடுத்துவிட்டுப் போங்கள்.